ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனுக்குப் போகிறீர்களா? விண்ணப்பம் முதல் வேலை நிரந்தரமாகும் வரை

இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு சிம்பொனி இசைக்குழுவில் சம்பள வேலைக்கு முயலப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படி வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்கள் ஆசிரியர் இருக்கிறார். ஆடிஷன் என்ற ஏற்பாடு எப்படி நடக்கிறது, எந்தக் காகிதம் எப்போது வேண்டும், பணம் எங்கே கரைகிறது என்பதை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

“திரைக்குப் பின்னால் வாசிக்கிறோம், யார் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆகவே எல்லாம் நியாயம்” என்றுதான் பலரும் நம்பிப் போகிறார்கள். திரை உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் அது காப்பது நடுப்பகுதியை மட்டும். திரைக்கு முன்பு உங்கள் விண்ணப்பத்தைப் பெயரோடு படிக்கிறார்கள். திரைக்குப் பிறகு உங்களை நேரில் பார்த்தபடி ஓராண்டோ அதற்கு மேலோ சோதிக்கிறார்கள். கீழே உள்ள படிகளில் இந்த இரண்டு முனைகளுக்கும் அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

1. முதலில் உங்கள் வேலை அனுமதியைப் பாருங்கள்

இதை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவராக இருந்தால், படிப்பு முடிந்தபின் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிந்து 60 நாளுக்குப் பிறகு முடியாது. அனுமதி தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆடிஷனுக்குத் தயாராவது வேலைக் கணக்கில் வராது. துறை சார்ந்த வேறு வேலை ஒன்று, உதாரணமாக வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் வாத்தியம் கற்றுக்கொடுக்கும் வேலை, கையில் இருந்தால் நல்லது.

ஓபிடி முடிந்தபின் வேலை தொடர, இசைக்குழு உங்களுக்காக மனுச் செய்ய வேண்டும். கலைஞர்களுக்குப் பழக்கமான வழி, தனித்திறன் உள்ளவர்களுக்கான ஓ-1 விசா. அதற்கு இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கமான ஏஎஃப்எம்மிடமிருந்து ஆலோசனைக் கடிதம் வேண்டும். நிகழ்ச்சி அட்டைகள், விமர்சனங்கள், பரிசுகள், பெரியவர்களின் பரிந்துரைகள் என்று கற்றையாகச் சான்றுகளும் வேண்டும். மாணவப் பருவத்திலிருந்தே உங்கள் பெயர் அச்சான ஒவ்வொரு நிகழ்ச்சி அட்டையையும் எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

இந்தியாவிலிருந்து நேரடியாக ஆடிஷனுக்கு மட்டும் போவதானால் விசா நேரம்தான் பெரிய முட்டுக்கட்டை. அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்குப் பல மாதம் காத்திருக்க நேரிடலாம். ஆடிஷன் அறிவிப்பு வந்தபின் விண்ணப்பித்தால் பெரும்பாலும் நடக்காது. ஜெர்மனிக்கான குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இசைக்குழுவின் அழைப்புக் கடிதம் ஆகியவை வேண்டும். கடிதத்தில் ஆடிஷன் தேதியும் உங்கள் முழுப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் கழுத்தை நெரிக்கும். விண்ணப்பத்தில் “எஸ். குமார்” என்றும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு நீளமாகவும் இருந்தால், திருத்திய கடிதத்துக்காக ஒரு வாரம் போய்விடும்.

2. அறிவிப்பை இருமுறை படியுங்கள்

அமெரிக்க அறிவிப்புகள் ஏஎஃப்எம்மின் மாத இதழிலும் இசைக்குழுக்களின் இணையதளங்களிலும் வரும். ஜெர்மனியில் பெரும்பாலான இசைக்குழுக்கள் முவாக் என்ற இணையத்தளம் வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. ஒருமுறை உங்கள் விவரப் பக்கத்தைச் செம்மையாக நிரப்பிவிட்டால் எல்லாவற்றுக்கும் அதுவே போகும். அந்நாட்டில் அரசு நிதியில் இயங்கும் தொழில்முறை இசைக்குழுக்கள் சுமார் 130 இருப்பதால் வாய்ப்புகள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும்.

அறிவிப்பில் பார்க்க வேண்டியவை: எந்த இருக்கை (அதாவது வாத்தியப் பிரிவில் எந்த இடம்), வேலை தொடங்கும் தேதி, சுருதி. சுருதியை யாரும் கவனிப்பதில்லை. சுருதி கூட்டும் ஏ என்ற சுரம் அமெரிக்காவில் 440 முதல் 442 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஜெர்மனியில் 442, 443. காற்று வாத்தியக்காரர்கள் இந்த வேறுபாட்டுக்கு முன்கூட்டியே பழக வேண்டும். இன்னொரு பொறி: ஜெர்மன் இசைக்குழுக்கள் கிளாரினெட்டில் ஜெர்மன் முறை வாத்தியத்தையே கேட்பது வழக்கம். நம்மில் பெரும்பாலோர் கற்றது போம் முறை, அதன் விரலமைப்பு வேறு. அறிவிப்பில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

3. விண்ணப்பம்: பெயரோடு இருக்கும் ஒரே காகிதம்

ஓர் இருக்கைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வருவது சாதாரணம். அத்தனை பேரையும் கேட்க நேரமில்லாததால் முதல் வடிகட்டல் காகிதத்தில் நடக்கிறது. இங்கே திரை கிடையாது. உங்கள் பெயர், பள்ளி, ஆசிரியர் பெயர் எல்லாம் மேசைமேல் இருக்கின்றன. யாரிடம் படித்தார், எந்த இசைக்குழுவில் பதிலியாக (வராதவருக்குப் பதிலாக) வாசித்தார் என்பதையே பார்க்கிறார்கள். நியாயம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒரே பக்கம். மேலே வாத்தியம், எந்த இருக்கைக்கு என்ற விவரம். அதற்கடுத்து இசைக்குழு அனுபவம். அதுதான் முதலில் வர வேண்டும், படிப்பு அல்ல. நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை, பதிலி, மாணவர் இசைக்குழு என்று பிரித்து எழுதுங்கள். பதிலியாக ஒரு வாரம் வாசித்த இடத்தை உறுப்பினர் போல எழுதாதீர்கள். இந்தத் துறை மிகச் சிறியது, ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். பிறகு கல்லூரி, ஆசிரியர்கள், கோடைக்கால விழாக்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: டிரினிட்டி எட்டாம் கிரேடு இசைத் தேர்வு, அதில் வாங்கிய மதிப்பெண், பள்ளி ஆண்டு விழாப் பரிசு இவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். அவை பொய்யில்லை, பெருமைதான். ஆனால் தொழில்முறை விண்ணப்பத்தில் அவை உங்களை மாணவராகக் காட்டும். அமெரிக்க விண்ணப்பத்தில் புகைப்படம், பிறந்த தேதி, திருமண விவரம் எதுவும் வேண்டாம். ஜெர்மனியில் படம் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. கேட்டால் மட்டும் வையுங்கள்.

அனுபவம் குறைவாக இருந்தால் ஜெர்மனியில் அகாடமி, ப்ராக்டிகம் என்ற பயிற்சி இடங்களுக்கு முதலில் முயலுங்கள். அங்கே ஓரிரு ஆண்டு ஒரு பெரிய இசைக்குழுவோடு வாசித்த வரி ஒன்று விண்ணப்பத்தில் ஏறினால் அழைப்புகள் வரத் தொடங்கும்.

அமெரிக்காவில் பதில் மூன்று விதமாக வரும்: வாருங்கள், ஒலிப்பதிவு அனுப்புங்கள், அல்லது “நீங்கள் வருவதை நாங்கள் ஊக்குவிக்கவில்லை.” மூன்றாவது கடிதம் வந்தாலும் சில இசைக்குழுக்கள் ஒலிப்பதிவு அனுப்பி மறுபரிசீலனை கேட்க விடும். கேட்டுப் பாருங்கள், காசு செலவில்லை. “வாருங்கள்” என்றால், பல இடங்களில் முன்பணம் கேட்பார்கள். வந்து வாசித்தால் அல்லது குறித்த தேதிக்குள் வரவில்லை என்று சொல்லிவிட்டால் திருப்பித் தருவார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

4. ஒலிப்பதிவுச் சுற்று

வெட்டி ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் ஒரே மூச்சில் பதிவானதாக இருக்க வேண்டும். எதிரொலி கூட்டக் கூடாது. கோப்பின் பெயரில் அவர்கள் கொடுத்த எண் மட்டும் இருக்க வேண்டும். தலைப்பை மாற்றினால் போதாது. கோப்புக்குள் கலைஞர் பெயர் என்று ஒரு விவரம் ஒளிந்திருக்கும், அதையும் அழியுங்கள். பதிவின் தொடக்கத்தில் பேசாதீர்கள். நல்ல மைக், அமைதியான அறை, ஒரு ஒலிப்பதிவாளர் என்று இதற்கு ஒரு நாள் வாடகை ஆகும். நண்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து பிடித்தால் பங்கு குறையும்.

5. என்ன வாசிக்கச் சொல்வார்கள்

அமெரிக்காவில் இசைக்குழுப் படைப்புகளிலிருந்து எடுத்த கடினமான பகுதிகள்தான் பிரதானம். வயலினுக்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ முதல் பக்கமும், ஷூமனின் இரண்டாம் சிம்பொனி ஸ்கெர்ட்ஸோவும் ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஜெர்மனியில் வரிசை வேறு: முதல் சுற்றில் மொசார்ட்டின் வயலின் கான்செர்ட்டோ, பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்தில் ஒன்று, காடென்ஸா என்ற துணையில்லாத தனி வாசிப்போடு. வயோலாவுக்கு ஸ்டாமிட்ஸ் அல்லது ஹோஃப்மைஸ்டர் எழுதிய கான்செர்ட்டோ. அடுத்த சுற்றில் பெரிய ரொமான்டிக் கான்செர்ட்டோ. அதன் பிறகே இசைக்குழுப் பகுதிகள். ஆகவே அமெரிக்காவுக்குத் தயாரானவர் அப்படியே ஜெர்மனிக்குப் போனால் பகுதிகளை வாசிக்கும் சுற்றுக்கே வராமல் வீடு திரும்புவார்.

இசைப்பிரதிகளில் பதிப்பைப் பாருங்கள். இலவசமாக இணையத்தில் கிடைக்கும் பழைய பதிப்பும் இசைக்குழு கேட்கும் பதிப்பும் வில் அடையாளங்களில் மாறுபடலாம். இசைப்பிரதியில் எந்த பார் எண்ணிலிருந்து எதுவரை என்பதையும் சரிபாருங்கள்.

6. பயணம், வாத்தியம், செலவு

விமானம், அறை, சாப்பாடு, விசா எல்லாம் உங்கள் பணம். வென்றால் கூடப் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஓராண்டில் எத்தனை ஆடிஷனுக்குப் போவது என்று முன்பே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓடுவதைவிட, தயாரான இரண்டு மூன்றுக்குப் போவது மேல் என்பது என் கருத்து.

திரும்பும் டிக்கெட்டை அன்று மாலைக்கே போடாதீர்கள். முதல் சுற்று திங்கள், இறுதிச் சுற்று செவ்வாய் என்று நீளும். தேதி மாற்றக் கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது தண்டமில்லை. அறை பதிவு செய்யும்போது, வாத்தியம் வாசிக்க விடுவார்களா என்று கேளுங்கள். இசைக்குழு அலுவலகமே அப்படிப்பட்ட விடுதிகளின் பெயரைத் தரும்.

வயலின், வயோலா போன்றவற்றைக் கைப்பையாக எடுத்துச் செல்ல அமெரிக்க விதி அனுமதிக்கிறது. 2015இல் வந்த அந்த விதிப்படி, ஏறும் நேரத்தில் மேல் பெட்டியில் இடம் இருந்தால் மறுக்க முடியாது. இடம் இருந்தால் என்பதுதான் முக்கியம், ஆகவே முதலில் ஏறுங்கள். செல்லோவுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

உங்கள் வில்லின் நுனியில் யானைத் தந்தம் இருக்கிறதா என்று வாத்தியம் செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள். பழைய வில்களில் இருக்கும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். சான்றிதழ் வாங்கும் தலைவலியைவிட, பயணத்துக்கென்று தந்தம் இல்லாத வில் ஒன்று வைத்துக்கொள்வது எளிது. விலை உயர்ந்த வாத்தியத்தோடு இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள், புறப்படும் முன் விமான நிலையச் சுங்கத்தில் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது “வெளிநாட்டில் வாங்கியதா?” என்ற கேள்விக்கு வரி கட்ட நேரும்.

7. ஆடிஷன் நாள்: திரை எப்படி வேலை செய்கிறது

வந்ததும் கையெழுத்துப் போட்டு ஓர் எண் வாங்குவீர்கள். வரிசை பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில். அந்த நிமிடத்திலிருந்து தேர்வுக் குழுவுக்கு நீங்கள் அந்த எண் மட்டுமே. எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்யும் பெரிய அறையில் முதலில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் ஒருவர் அதே பகுதியை இரு மடங்கு வேகத்தில் வாசித்துக் காட்டுவார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருபது முப்பது நிமிடம் தனி அறை கிடைக்கும்.

உங்களை மேடைக்கு அழைத்துச் செல்பவர் ப்ராக்டர். வழியில் கம்பளம் விரித்திருப்பார்கள், நடைச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க முடியாதபடி. ஆனாலும் எல்லா இடத்திலும் கம்பளம் சரியாக இருக்காது; சத்தமில்லாத தட்டை செருப்பே போடுங்கள். வளையல், கொலுசு வேண்டாம். தொண்டையைச் செருமாதீர்கள். குழுவிடம் ஒரு சொல்லும் பேசக் கூடாது. கேள்வி இருந்தால் ப்ராக்டரின் காதில் மெல்லச் சொல்லுங்கள். அவர் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பதில் வாங்கித் தருவார். தந்தி அறுந்தாலும் அதே வழிதான். நீங்களாகப் பேசிவிட்டால் தகுதி இழக்க வைக்கும் விதி பல இடங்களில் உண்டு.

அரங்கின் ஒலி புரிய இரண்டு மூன்று சுரம் வாசித்துப் பார்க்கலாம். பிறகு பட்டியல் வரிசையில் வாசியுங்கள். முதல் சுற்று ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் “நன்றி” என்று குரல் வந்தால் நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். அதில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள். சில சமயம் ஒரு பகுதியை இன்னும் மெதுவாக, அல்லது இன்னும் மென்மையாக வாசிக்கச் சொல்வார்கள். அப்படிக் கேட்டால் மாற்றம் அவர்கள் காதில் விழும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

திரை எவ்வளவு தூரம் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா இசைக்குழு இறுதிச் சுற்றுவரை திரையை வைத்திருக்கிறது. வேறு பல இடங்களில் இறுதிச் சுற்றில் எடுத்துவிடுவார்கள். முன்பே, இசைக்குழுவின் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சொனெல் மேனேஜரிடம் மின்னஞ்சலில் கேட்கலாம், தவறில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள்: யாராவது முதல் சுற்று இல்லாமல் நேராக அரையிறுதிக்கு வருகிறார்களா? வேறு பெரிய இசைக்குழுக்களில் இருப்பவர்களுக்கும் நீண்ட நாள் பதிலிகளுக்கும் இப்படி வழிவிடுவது ஒப்பந்தத்திலேயே இருக்கும். அநியாயம் என்று கோபப்படுவதைவிட, அரையிறுதியில் புதிதாகச் சிலர் வந்து நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

8. ஓட்டு

அமெரிக்காவில் இசைக்குழு உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு குழு கேட்கிறது. எத்தனை பேர், எத்தனை ஓட்டு வேண்டும் என்பதெல்லாம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஓட்டு இரகசியம். ஓட்டுப் போடும் முன் பேசக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. உரத்த குரல் உள்ள ஒருவர் மற்றவர்களை இழுத்துச் செல்லாமல் இருக்க இது திரைக்குச் சமமான காப்பு. இசை இயக்குநர் பொதுவாக இறுதிச் சுற்றில் வருவார். பல ஒப்பந்தங்களில் கடைசிச் சொல் அவருடையது, ஆனால் குழு தேர்ந்தவர்களுக்குள்ளிருந்து மட்டும்.

யாரையும் எடுக்காமல் முடிவதும் உண்டு, அடிக்கடி. நூறு பேரை வரவழைத்துவிட்டு இப்படி அனுப்புவது எனக்கு இன்றும் எரிச்சல் தரும் விஷயம்.

ஜெர்மனியில் தனிக் குழு இல்லாமல் இசைக்குழுவே அரங்கில் உட்கார்ந்து கேட்டு ஓட்டுப் போடுவது பரவலான வழக்கம். உங்கள் வாத்தியப் பிரிவின் கருத்துக்குக் கனம் அதிகம். பியானோவில் துணை வாசிப்பவரை அவர்களே தருவார்கள். அவரோடு ஒத்திகைக்கு நேரம் மிகக் குறைவு, சில சமயம் மேடைக்குப் போகும் முன் வேகத்தை மட்டும் சொல்ல முடியும்.

9. வென்ற பிறகு

அமெரிக்காவில் முதலில் ஓரிரு வாரம் சோதனையாக வாசிக்கக் கூப்பிடலாம். பிறகும் ஓராண்டு, ஈராண்டு தகுதிகாண் காலம். ஜெர்மனியில் சோதனை ஆண்டு. முடிவில் இசைக்குழு மறுபடி ஓட்டுப் போடும். இந்தக் காலத்தில் உங்களுக்குத் திரை இல்லை. ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் 1980இல் திரைக்குப் பின்னால் வாசித்து முதல் டிராம்போன் இடத்தை வென்றவர் அபி கோனன்ட் என்ற பெண். அழைப்புக் கடிதத்தில் அவரை ஆண் என்று நினைத்து எழுதியிருந்தார்கள். 1982இல் அவரை இரண்டாம் டிராம்போனுக்கு இறக்கினார்கள். அந்த இடத்தைத் திரும்பப் பெற அவர் பல ஆண்டு நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது.

ஆகவே சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தின் தகுதிகாண் பகுதியை வாங்கிப் படியுங்கள். மதிப்பீடு எப்போது, யார் செய்வது, எழுத்தில் தருவார்களா என்று பாருங்கள். குறை சொன்னால் தேதியோடு எழுதி வையுங்கள். “சரியாக ஒன்றவில்லை” என்று மேலோட்டமாகச் சொன்னால், எந்த இசையில், எந்த இடத்தில் என்று பணிவாகக் கேளுங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி யார் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள், பிரச்சினை வந்தபின் அல்ல.

தோற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் பல இசைக்குழுக்கள், குழு எழுதிய குறிப்புகளைக் கேட்டால் அனுப்பும். கேட்காவிட்டால் அனுப்பாது, சில வாரத்தில் அழித்துவிடவும் செய்யும். வீடு திரும்பிய மறுநாளே உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போடுங்கள். ஒருவர் “தாளம் ஓடுகிறது” என்றும் இன்னொருவர் “தாளம் பிரமாதம்” என்றும் எழுதியிருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். நான்கு பேர் ஒரே இடத்தைக் குறித்திருந்தால் அடுத்த ஆடிஷனுக்கான பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.